பார்த்தவர்கள் பட்டியலில் அக்கா

வாழைக்குலையை நான் தொட்டுப் பார்க்கவே வேண்டாம். ஆறடி தள்ளி நின்று காயின் விளிம்பைப் பார்த்தே இது என்றைக்குப் பழுக்கும் என்று சொல்லிவிடுவேன். சந்தேகமிருந்தால் மார்த்தாண்டம் சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பன்னிரண்டு வயதில் தலையில் சும்மாடு வைத்து அடுத்தவன் குலையைச் சுமந்தேன். முப்பது வயதில் என் குலையை அடுத்தவன் சுமந்தான். இன்றைக்கும் ஓணம் வந்தால் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற ஏத்தன் என்கிற நேந்திரங்குலை லாரிகளில் முதல் லாரி என்னுடையதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்குச் சொல்வேன்?

அப்படிப்பட்ட எனக்கு, என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று நாலு பேருக்கு விளங்குகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. பல வருஷம் திண்டாடினேன்.

அவள் சமூகவியல் படித்தவள். டெல்லியில் டாக்டர் பட்டம் வாங்கினாள், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. காலையில் எழுந்ததும் ஆட்கள் ரோஜாப்பூ படம் யாருக்கு அனுப்புகிறார்கள், குடும்பக் குரூப்பில் யார் பேசுகிறார்கள், யார் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள், ஸ்டேட்டஸை யார் கண்ணில் படவேண்டும் என்று வைக்கிறார்கள், இதையெல்லாம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு என்று தெரிந்தபோது நானே ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன்.

சாயாக்கடையில் ஒருநாள் பிடித்துக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, உம்ம மொவளுக்கு என்ன சோலி?”

“ஆளுவ போனை எப்பிடி நோண்டுகாவன்னு பாக்கிய சோலி.”

“அதுக்கு டெல்லி வரை போவணுமா ஓய்? எனக்க பெஞ்சாதி நாள் முழுக்க அதைத்தானே பாக்கா. அவளுக்கும் சம்பளம் குடுப்பாவளா, கேட்டுச் சொல்லும்.”

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் வெள்ளை வேட்டி கட்டி, முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது யாருக்கோ ஒதுக்கின நாற்காலியாம். பேசுகிறவளைப் பெற்றவன் என்று சொன்னதும் விட்டுவிட்டார்கள். அவள் தமிழில்தான் பேசினாள். தினமும் பூப்படம் அனுப்புகிற ஒருவரிடமிருந்து ஒருநாள் படம் வரவில்லையென்றால், வாங்குகிறவர்கள் போன் பண்ணி விசாரிக்கிறார்கள். அப்படியானால் அது வெறும் படம் இல்லை, நான் எழுந்துவிட்டேன், சுகமாக இருக்கிறேன் என்று கொடுக்கிற ஆஜர் என்றாள். கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இது தெரியுமே என்று இருந்தது. எனக்கும் தினமும் ஒருத்தி ஆஜர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது என் அக்கா.

அக்காவுக்கும் எனக்கும் அப்போது பேச்சு இல்லை.

என்னைவிட ஐந்து வயது மூத்தவள். களியக்காவிளைக்குப் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த வீடு, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். அவளுக்கு ஒரே மகன். எங்கள் பக்கத்தில் மாமி மகனுக்குத்தான், அதாவது அப்பா கூடப்பிறந்தவள் மகனுக்குத்தான், முதல் உரிமை. என் மகள் பிறந்த அன்றைக்கே அக்கா, “இது எனக்க வீட்டுக்கு வரவேண்டிய பிள்ளையாக்கும்” என்று சொல்லித்தான் கையில் வாங்கினாள். நானும் சரி என்று தலையாட்டியவன்தான்.

மகளுக்கு டெல்லியில் இடம் கிடைத்த மாதம் அக்கா வெற்றிலை பாக்கோடு வந்தாள். மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான், அவனும் கூட வந்தான். மகள் முன்னாலேயே என்னிடம் சொல்லியிருந்தாள், எனக்குக் கல்யாணம் இப்போது வேண்டாம், அத்தான் எனக்கு அண்ணன் மாதிரி என்று. அதை மட்டும் நான் பையச் சொல்லியிருந்தால் போதும். அக்கா அழுதிருப்பாள், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், அதோடு போயிருக்கும். ஆனால் அன்றைக்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு ஆட்களைக் கண்டால் வாய் நீளும்.

“டெல்லியில டாக்டருக்குப் படிக்கப் போறவளை, துபாயில பைப்பு மாட்டுகவனுக்கா கேக்க வந்திருக்க?” என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா தாம்பாளத்தை எடுத்தாள். படியிறங்கும்போது மட்டும் திரும்பி, “அந்தப் பிள்ளையைச் சொல்லியிருக்க வேண்டாம்லே” என்றாள்.

நான் என் சொந்தக் கையால் வளர்ந்தவன் என்று எல்லாரிடமும் சொல்வேன். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, அக்கா அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தது. அந்த ஓட்டின் எண்ணெய் பட்டு அவள் விரலெல்லாம் வெந்து கறுத்திருக்கும். நான் சந்தையில் சுமைக்கு நின்ற முதல் வருஷம் எனக்கு மத்தியானச் சோறு அந்தக் கையிலிருந்துதான் வந்தது. பைப்பு மாட்டுகிறவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இது எனக்கு அன்று ராத்திரியே தெரியும். ஆனால் தெரிவதற்கும் பஸ் ஏறிப் போவதற்கும் நடுவில் ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது.

இதற்கிடையில் என் கைக்கு ஸ்மார்ட்போன் வந்தது. சந்தையில் விடியக்காலம் வண்டியிலிருந்து குலை இறங்கும்போது, அன்றைக்கு வந்ததில் நல்ல குலை ஒன்றைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பேன். செவ்வாழை, மட்டி, ஏத்தன், எது லட்சணமாக இருக்கிறதோ அது. வியாபாரத்துக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் சும்மா அழுத்திப் பார்த்தபோது, கீழே பார்த்தவர்கள் பட்டியல் வந்தது. அதில் முதல் பேர் அக்கா.

மறுநாளும் முதல் பேர் அக்கா. அதற்கு மறுநாளும்.

ஒரு வார்த்தை இல்லை, ஒரு கைகூப்பல் படம் இல்லை. ஆனால் பார்ப்பாள். ஆறு மணிக்குள் பார்த்துவிடுவாள். அவளும் ஸ்டேட்டஸ் வைப்பாள், தினம் ஒரு வேத வசனம். நானும் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும், அவள் பார்ப்பது எனக்குத் தெரியும், இப்படியே இரண்டு பேரும் சண்டையை விடாமல் உறவையும் விடாமல் வைத்திருக்கிறோம் என்று நான் எனக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. லீவுக்கு வந்த மகள்தான் கவனித்திருக்கிறாள்.

“அப்பா, படம் வச்ச பொறவு அந்தப் பட்டியலை ஏன் நாலு தடவை பாக்கிறீங்க?”

“யாவாரம் மக்களே. எவன் பாத்தான், எவன் பாக்கலேன்னு தெரியணுமில்லா.”

அவள் தலையாட்டினாள். என் மகளாயிற்றே, நம்பியிருக்க மாட்டாள்.

டாக்டர் பட்டத்துக்குப் பிறகு அவள் எடுத்த பெரிய வேலை நம் ஊரிலேயே. பேச்சு நின்றுபோன சொந்தக்காரர்கள் போனில் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஒரு வருஷம் நம் வீட்டிலேயே தங்கினாள். மார்த்தாண்டத்திலிருந்து எல்லைவரை வீடு வீடாகப் போவாள். முதலில் ஒரு தாளை வாசித்துக் காட்டுவாள். உங்கள் பேர் எங்கேயும் வராது, நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன், நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், அழித்துவிடுவேன் என்று அதில் இருக்கும். அவர்கள் சம்மதித்த பிறகுதான் நோட்டைத் திறப்பாள். நோட்டில் பேர் இருக்காது, நம்பர்தான்.

அக்கா வீட்டுக்கும் போனாள். சண்டை எனக்கும் அக்காவுக்கும்தான். மகள் எப்போதும் மாமி வீட்டுக்குப் போய் வருவாள். “மாமி சுகமா இருக்காவ” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது. அன்றைக்குப் போய்விட்டு வந்தவள் முகம் சரியில்லை. சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பட்டியலில் அக்கா பேர் இல்லை.

நெட் இல்லாமல் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் சந்தையில் குலையைப் பார்க்காமல் போனைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிஞ்சுக் காயை விளைந்த காய் என்று எடுத்துவிட்டேன், சுமைக்காரன் பிடித்துக் காட்டினான்.

“அக்காளுக்கு மேலுக்கு முடியலையா மக்களே?” என்று மகளிடம் கேட்டேன்.

“மாமிக்கு ஒண்ணும் இல்லப்பா. நல்லாயிருக்காவ.”

நல்லாயிருக்கிறாள், அவள் வசனம் தினமும் வருகிறது, என் படத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்படியானால் ஒரே அர்த்தம்தான். வெட்டிவிட்டாள். ஏழெட்டு வருஷம் பொறுத்துப் பார்த்து, இனி இந்தத் தம்பி வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? தூண்டில் போட்டேன். அவளுக்குப் பிடித்த ரசகதலிக் குலையை வைத்தேன், வரவில்லை. எங்கள் அம்மை படத்தை வைத்தேன், வரவில்லை. மனைவி கேட்டாள்: “இன்னிக்கு அத்தைக்க நினைவு நாளா? இல்லியே?” அந்த வாரத்திலேயே ஒரு குலை கைநழுவி என் வலது காலில் விழுந்து, பெருவிரல் நகம் போய்விட்டது. கட்டுப் போட்ட காலைப் படம் பிடித்து அதையும் வைத்தேன். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் போன் பண்ணினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பதில் சொன்னேன். பட்டியலை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினேன். அக்கா இல்லை.

அன்று சாயங்காலம் மகள் குளிக்கப் போயிருந்தாள். அவள் மேசையில் நோட்டு கிடந்தது. எடுத்தேன். திறக்கும் முன்னால் அவள் வந்து நின்றுவிட்டாள், தலையில் கட்டிய ஈரத் துவர்த்தோடு.

சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா, இதில இருக்கிய ஆளுவ எல்லாம் என்னை நம்பிப் பேசினவங்க. சிலது அவங்க வீட்டு ஆளுக்கிட்டக்கூடச் சொல்லாதது. நீங்க வாசிச்சிட்டா, நாளைக்கு நான் எந்த முகத்தோட அந்தத் தாளை இன்னொருத்தருக்கு வாசிச்சுக் காட்டுவேன்?”

“பெத்த அப்பன் மக்கா நான்.”

“தெரியும். அதனாலதான் பிடுங்காம உங்க கையிலயே விட்டிருக்கேன்.”

நோட்டு என் மடியில் கிடந்தது. அவள் கை நீட்டவில்லை. டாக்டர் பட்டம் வாங்கின அன்றைக்குக்கூட இவள் எவ்வளவு பெரியவள் என்று எனக்கு இப்படித் தெரிந்ததில்லை. நோட்டை மேசையில் வைத்தேன்.

“மாமி என்னை வெட்டிட்டாளா? அதை மட்டும் சொல்லு.”

அவள் கண் நிறைந்துவிட்டது. “என்னால சொல்ல முடியாதுப்பா. தப்பு ஒண்ணு நான் பண்ணிட்டேன், அது மட்டும் சொல்லலாம், அது என் விஷயம். மீதியை மாமிதான் சொல்லணும். பஸ் இருக்கே.”

மறுநாள் காலையில் சந்தைக்குப் போகாமல், நாலு சீப்பு மட்டிப்பழத்தைப் பையில் போட்டு, நொண்டிக்கொண்டே பஸ் ஏறினேன். லாரி வைத்திருக்கிறவன் நான். டிரைவரைக் கூப்பிட்டால் அவன் நாலு பேரிடம் சொல்லுவான்.

அக்கா வாசலில் மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் காலைப் பார்த்தாள்.

“நகம் மொத்தமும் போச்சா, பாதிதானா?”

என் காலில் செருப்பு, செருப்புக்குள் கட்டு, கட்டுக்குள் விரல். நகம் போனது இவளுக்கு எப்படித் தெரியும்?

“நீ பாத்தியா? படத்தை நீ பாத்தியா?”

“பாக்காம? ஒனக்க மண்டையில விழுந்திருந்தாக் குலை உடஞ்சிருக்கும், காலில விழுந்ததுனால நகம் போச்சு.”

“பிறவு உனக்க பேரு ஏன் வரல்ல?”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். எழுபது வயது முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி சிவந்துவிட்டது. மெதுவாகத்தான் சொன்னாள். பார்த்தால் பேர் வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் யாருக்கும் தெரியாமல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி, தம்பி எழுந்தானா, சந்தைக்குப் போனானா என்று பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தாள். என் மகள் பேச்சுவாக்கில், “நீங்க தினமும் பாக்கிறது அப்பாவுக்குத் தெரியும்ங்கிறதை எப்பிடி எடுத்துக்கிறீங்க மாமி?” என்று கேட்டுவிட்டாள்.

“பேரு வருமாம்லா! எனக்குச் சர்வாங்கமும் கூசிப் போச்சு. பேச மாட்டேன்னு வீம்பு காட்டிட்டு, தினம் விடியுமுன்னே ஒனக்க வாசல்ல வந்து நின்னிருக்கேன், நீயும் எண்ணிட்டு இருந்திருக்க. அண்ணைக்கே அடுத்த வீட்டுப் பிள்ளைக்கிட்ட குடுத்து, பேரு வராத மாதிரி மாத்தியாச்சு.”

“நீ எனக்காவத்தான் பேரைக் காட்டுகன்னு நான் நெனச்சேன் அக்கா.”

“ஆமா, ஒனக்குக் காட்டுதேன். கொள்ளாம் ஒனக்க நெனப்பு.”

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். எத்தனை பெரிய வியாபாரியிடமும் பேசி ஜெயித்தவன், அன்றைக்குப் பழத்தைப் பையிலிருந்து எடுத்து எடுத்து வைத்தேன். “அண்ணைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று கடைசியில் சொன்னேன்.

“என்கிட்ட ஏன் சொல்லுக? என்னையா சொன்ன?”

போனை எடுத்தாள். மகனுக்கு வீடியோ கால் போட்டு என் கையில் திணித்தாள். அவன் வேலையிடத்தில் மஞ்சள் தொப்பியோடு நின்றிருந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மீசையில் ஒன்றிரண்டு வெள்ளை. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டான். “மாமா, அம்மைக்கு என்னவும் ஆச்சா?” என்றான்.

“ஒண்ணுமில்லடே. நான் அண்ணைக்கு ஆளுவ முன்னால உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. மன்னிச்சுக்கடே.”

பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். “கேக்கல மாமா, செத்தமா இருக்கு. இன்னொரு மட்டம் சொல்லுங்க” என்றான். கேட்டிருக்கும் என்றுதான் எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அக்கா தெரு பார்க்க நின்று, “நல்ல ஒறக்கச் சொல்லுலே” என்றாள். நான் எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு வருகிற அளவுக்கு உரக்கச் சொன்னேன். அவன், “அது அப்பவே போச்சு மாமா. எங்க கம்பெனியில இப்போ என் கீழதான் எல்லாவனும் பைப்பு மாட்டுகான்” என்றான். என் ரத்தமல்லவா, பெருமை இல்லாமல் போகுமா?

மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுப் புறப்படும்போது கேட்டேன். “அக்கா, அந்த மாத்தினதைத் திருப்பி மாத்து. பேரு வரட்டும்.”

“மாத்த மாட்டேன். கூச்சமா இருக்கு.”

“நீ பாத்தியா இல்லியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“வாய் இருக்கில்லா? போன் பண்ணிக் கேளு.”

வீட்டுக்கு வந்து மகளிடம் முழுவதையும் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தி, அந்தத் தாளை எடுத்து, அன்னியருக்கு வாசிப்பது போலவே என் முன்னால் வாசித்தாள். வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் பிசகியது. தான் கேட்ட கேள்வியே ஒரு வீட்டுப் பழக்கத்தைக் குலைத்துவிட்டதையும் புத்தகத்தில் எழுதுவேன் என்றாள். எழுதினாள். அதில் வரும் வாழைக்குலை வியாபாரி நான்தான். பேர் போடச் சொன்னேன், மறுத்துவிட்டாள்.

இப்போது அவள் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். நான் விடியக்காலம் குலை இறங்கினதும் படம் வைக்கிறேன். பட்டியலைத் திறப்பதில்லை. ஆறு மணிக்குப் போன் போடுகிறேன்.

“பாத்தியா?”

“பாத்தேன். செவ்வாழை கொள்ளாம், நல்ல லட்சணம். ஆனா நேத்து வச்சியே, அந்த ஏத்தன், அது மூப்பு எத்தலியே? ஒனக்குக் கண்ணு மங்கிப் போச்சாலே?”

என் குலையை இதுவரை ஒருவன் குறை சொன்னதில்லை. வண்டிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டிருக்கிறான், சுமைக்காரர்கள் எனக்காக நிற்கிறார்கள். நான் அங்கேயே ஓரமாக நின்று, அது நன்றாக விளைந்த, மூப்பெத்தின காய்தான் என்று அவளிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.